உறைக்குள் ஊற்றிய தண்ணீர்

தேரி என்றால் செம்மணல் மேடு. கடலுக்கு மூன்று கல் தொலைவு இப்பால், கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பாகப் படுத்துக் கிடக்கும். ஆடிக் காற்று வந்தால் எழுந்து நடக்கும். நேற்று இடுப்பளவு புதைந்திருந்த பனை இன்று வேர் தெரிய நிற்கும். நேற்று நடந்த பாதையை இன்று தேட வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்களிடம் வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டார்கள்.

அந்தத் தேரியின் ஓரத்தில், செம்மணல்விளை என்கிற ஊரில், ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு பெயர் சொர்ணக்கிளி. கிளி பெயரில் மட்டும்தான். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கிணற்றுக்கு உறை இறக்குவது அவள் தொழில். சிமெண்டு வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறங்கி மண்ணை அள்ளுவாள். அள்ள அள்ள வளையம் தன் பாரத்திலேயே பூமிக்குள் போகும். தன்னைக் குரு என்று அவள் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. சீடர்தான் விடவில்லை.

சீடர் பொன்னுலிங்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் இப்போது சொர்ணக்கிளியின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் மணலில் நடப்பதைப் பார்த்து ஊர் வாய்க்குள் சிரித்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் கிணற்றுக்குள் இருந்துவிட்டு அவள் மேலே ஏறி வந்ததை அவர் பார்த்தார். தூங்கி எழுந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது அவள் முகம். இப்படி முகம் உள்ளவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கிட்டே போய்க் கேட்டார்.

"ஒரு விஷயத்தை மறக்கணும்னா என்னம்மா வழி?"

அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"நாளைக்கு வாங்க, அண்ணாச்சி."

மறுநாள் போனார். நாளைக்கு வாங்க என்றாள். அதற்கும் மறுநாள் போனார். அப்படியே சீடராகிப் போனார்.

மறக்க வேண்டியது மகனை. தவசிலிங்கம், ஒரே பிள்ளை, இருபத்து மூன்று வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலை விபத்தில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பொன்னுலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். கண்ணில் பட்டால்தானே அழுகை வரும்? சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். சட்டை, சைக்கிள், பந்து, சீப்பு எல்லாவற்றையும் தோட்டத்து ஓலைப்புரையில் போட்டுப் பூட்டினார். வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். யாரும் என்றால் யார்? மனைவி முத்துக்கனி ஒருத்திதான்.

அவளுடைய நல்லதுக்குத்தான் அவர் அப்படிச் செய்தார். அதில் சந்தேகமே இல்லை. பெயரைச் சொல்லாதே என்றவுடன் அவள் சொல்லவில்லை. பிறகு மற்ற வார்த்தைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியில் "சாப்பிட வாங்க" மட்டும் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் புதிதாக ஒன்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை என் தம்பி வாரான். நான் அவன்கூடப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இனும அங்கதான்."

"ஏன்?"

முத்துக்கனி வாசலைப் பார்த்தாள். தினமும் விடியுமுன் அரைக் கல் நடந்து, தேரிச் சரிவில் மணலைத் தோண்டி, சிரட்டையால் ஊற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்பி வருகிறவள் அவள்.

"இந்த வீட்டுல ஒரு வாய் நல்ல தண்ணி குடிக்க முடியல" என்றாள்.

பொன்னுலிங்கத்துக்கு உயிர் வந்தது. தண்ணீர்தானா? தண்ணீர் என்றால் செய்துவிடலாம். கணக்கு வாத்தியாருக்கு விடை உள்ள கேள்வி கிடைத்துவிட்டது.

சொர்ணக்கிளி மேற்கே கரிசல்காட்டில் வேலைக்குப் போயிருந்தாள். வரப் புதன்கிழமை ஆகும். மூன்று மாதம் பார்த்தாயிற்று, இதில் என்ன இருக்கிறது என்று அவரே ஆரம்பித்தார். வீட்டுச் சுவருக்குப் பன்னிரண்டு அடி தள்ளி நாலடி அகல உறையை வைத்தார். இரண்டு ஆட்களை விட்டுத் தோண்டினார். நாலு முழத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து, தண்ணீரை இறைத்து வெளியே விட்டுக்கொண்டு மேலும் தோண்டினார்.

அங்கேதான் தேரி தன் வேலையைக் காட்டியது. தண்ணீர் குறையக் குறைய அடியிலிருந்து மணல் பொங்கி வந்தது. பாலோடு கலந்த மாவு மாதிரி, சத்தமில்லாமல், மெதுவாக. நாலு சட்டி அள்ளினால் நாலு சட்டி உள்ளே வந்தது. அந்த ஊரில் அதற்கு ஓடுமணல் என்று பெயர். பொன்னுலிங்கம் இன்னொரு மோட்டார் வைத்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க இரண்டும் ஓடின. வேலி ஓரத்து முருங்கை ஒரு பக்கம் சாய்ந்தது. புதன்கிழமை காலையில் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது. முன்பு படம் தொங்கிய ஆணி இன்னும் சுவரில்தான் இருந்தது. விரிசல் அதைத் தொட்டுக்கொண்டு தரைக்கு இறங்கியது.

முத்துக்கனி அதைப் பார்த்தாள். ஒரு சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மத்தியானம் சொர்ணக்கிளி வந்தாள். காற்றில் மணல் புகைபோல எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவள் வருவது முதலில் தலை, பிறகு தோள், பிறகு கால் என்று கனவில் வருவது போல இருந்தது. உறைக்குள் எட்டிப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். முருங்கையைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா ஓடுது, அண்ணாச்சி?"

"மூணு நாளா. ராத்திரி மட்டும் நிறுத்துவேன்."

"எவ்வளவு எறங்கியிருக்கு?"

"தண்ணி கண்ட பொறவு நாலு முழம் தோண்டுனேன். அம்புட்டும் மணலா உள்ள வந்துட்டு."

"அப்ப கெணறு இருந்த எடத்துலதான் இருக்கு" என்றாள் சொர்ணக்கிளி. "வீடுதான் கீழ போவுது."

இரண்டு மோட்டாரையும் நிறுத்தினாள். திடீரென்று விழுந்த அமைதியில் பனையோலைகள் உரசும் சத்தம் கேட்டது. மூன்று நாளாக அது அங்கேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். முத்துக்கனி விடியுமுன் போய்க் கொண்டுவந்த குடம் அங்கே இருந்தது.

"இதை எடுத்துக்கிடட்டாக்கா?"

முத்துக்கனி தலையாட்டினாள். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தாள். சொர்ணக்கிளி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, உறையின் விளிம்பில் சாய்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே ஊற்றினாள்.

பொன்னுலிங்கம் பதறிப்போனார்.

"அம்மா! அது குடிக்கிற தண்ணி!"

"கெணத்துக்கும் அதான் வேணும்."

"தண்ணி வேணும்னுதானே கெணறு தோண்டுதோம்? அதுக்குள்ளயே ஊத்துனா?"

"நீங்க மூணு நாளா எறைச்சீங்களே. தீந்துச்சா?"

அவர் நின்றுபோன மோட்டார்களைத் திரும்பிப் பார்த்தார்.

சொர்ணக்கிளி உறையின் உட்பக்கத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள்.

"வெளிய மண்ணுக்குள்ள தண்ணி இந்த மட்டத்துல நிக்கி. உள்ள இருக்கது இதைவிட ஒரு சாண் கூட நிக்கணும். கொறஞ்சா மணல் வரும். கூட இருந்தா வராது."

"அப்பத் தோண்டுறது எப்படி?"

"தண்ணிக்குள்ளதான்."

"தண்ணி இல்லாமத் தோண்ட முடியாதா?"

"பாறையில முடியும்" என்றாள். "இங்க பாறை இல்லையே, அண்ணாச்சி."

அன்றைக்கு அவள் பேச வேண்டிய நாலு வார்த்தைக்கு மேல் எத்தனையோ பேசியாயிற்று. அதன் பிறகு வேலைதான்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறு பேர் குடங்களோடு வந்தார்கள். கிணறு வெட்டுகிற வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருத்தி, "வாத்தியார் வீட்டுக் கெணத்துக்குத் தாகமாம்" என்றாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தேரி மேல் ஏறினார்கள். சிவந்த சரிவில் அவர்கள் வரிசையாகப் போவதும் வருவதும் தெரிந்தது. அவர்கள் கால் பதிந்த தடங்களைக் காற்று பின்னாலேயே வந்து மூடிக்கொண்டிருந்தது. ஏழாவதாக ஒரு குடம் போனது. அது முத்துக்கனி.

கரிக்கோட்டுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் ஏறியது. ஏறியதும் உள்ளே ஒரு மாற்றம். கலங்கிக் கொதித்துக்கொண்டிருந்த அடிமணல், யாரோ தட்டிக் கொடுத்துத் தூங்கவைத்ததுபோல அடங்கியது. தண்ணீர் மேல் வானம் வந்து படுத்துக்கொண்டது. சொர்ணக்கிளி மூச்சைப் பிடித்து அந்த வானத்துக்குள் முழுகினாள். பொன்னுலிங்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு இரண்டு தடவை ஆடினால் சட்டியை இழுக்க வேண்டும்.

இழுத்தார். அவள் மேலே வந்து மூச்சு வாங்கினாள், மறுபடியும் முழுகினாள். தண்ணீர் கசிந்து கோட்டுக்கு இறங்கப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குடம் வந்து சாய்ந்தது. இருட்டுமுன் உறை ஒரு முழம் இறங்கியது; அதற்கேற்பக் கரிக்கோட்டையும் அவள் மேலே மாற்றிப் போட்டாள். சுவரில் விரிசல் அதற்கு மேல் நீளவில்லை.

வியாழக்கிழமை காலையில் உறை நின்றுவிட்டது. சொர்ணக்கிளி விளிம்புக்கு அடியில் எவ்வளவு அள்ளினாலும் அசையவில்லை. பிடிவாதக்காரக் கழுதை மாதிரி நின்றது.

"பாரம் போதல" என்றாள், உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "மேல ஏத்தணும். சமமா, சுத்தி வர."

மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். நனைந்து, பிதுங்கி, சரிந்து விழுந்தன.

"கெட்டியாப் பாரமா ஏதாவது இருக்கா, அண்ணாச்சி?"

"இல்லையேம்மா."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இருந்தது. ஓலைப்புரையில் இருந்தது. தவசி உடம்பை ஏற்ற வேண்டுமென்று பெயிண்டு டப்பாவில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, தானே செய்துகொண்ட எட்டுக் கட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் மூச்சுப்பிடித்துத் தூக்கும் கனம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

அவர் நின்றார். சொர்ணக்கிளி தண்ணீருக்குள் நின்று அவரைப் பார்த்தாள். முத்துக்கனி வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. உறை நின்ற இடத்திலேயே நின்றால் கிணறு இல்லை, கிணறு இல்லையென்றால் அவள் இல்லை. ஆனால் அந்தக் கட்டிகளை அவள் கண்ணில் காட்டினால்? இரண்டு வருஷமாக அவர் இறுக்கிப் பிடித்திருந்த கதவு அது. பயமாக இருந்தது அவருக்கு. சாவியை எடுத்துக்கொண்டு ஓலைப்புரைக்குப் போனார்.

தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். முதல் கட்டியை விளிம்பில் வைத்தபோது முத்துக்கனி திரும்பி வந்துவிட்டாள். குடத்தோடு நின்றாள். கட்டியின் தலையில், ஈரச் சிமெண்டில் குச்சியால் கீறிய எழுத்து அப்படியே இருந்தது. த வ சி.

குடம் இடுப்பிலிருந்து இறங்கியது. அவள் விரலால் அந்த எழுத்தைத் தடவினாள்.

பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தார்.

"இதைத் தூக்கப் போயித்தானே கால்ல போட்டுக்கிட்டான்" என்றாள் முத்துக்கனி. "பத்து நாள் நொண்டிட்டுத் திரிஞ்சான் பிள்ள."

ஒன்றும் இடியவில்லை. காற்று அடித்தது. பனையோலை உரசியது.

பழைய பொன்னுலிங்கமாக இருந்தால், பழசைப் பேசாதே என்று சொல்லியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணைத் திறந்தார். கரிக்கோட்டுக்கு மேல் நின்ற தண்ணீர் கண்ணில் பட்டது.

"ரெண்டு நாள்தான் நொண்டினான்" என்றார். "மிச்ச எட்டு நாளு காலேசுக்குப் போவாம இருக்க நடிப்பு. எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நொண்டுற காலை மாத்தி மாத்தில்லா நொண்டினான்."

முத்துக்கனி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அழுகை பாதியில் மறுபடி சிரிப்பானது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவரும் அழுதார். பெண்கள் குடத்தோடு எட்டி நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை, யாரும் போகவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து சொர்ணக்கிளி, "தண்ணி கொறையுது" என்றாள்.

முத்துக்கனி மூக்கைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கி ஊற்றினாள்.

எட்டுக் கட்டிகளும் விளிம்பைச் சுற்றி ஏறின. சொர்ணக்கிளி முழுகினாள். ஒரு முனகல் கேட்டது. நின்ற உறை அசைந்து, பெருமூச்சு விட்டதுபோல ஒரு சாண் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. அன்றைக்கு முழுவதும் உறை இறங்கிக்கொண்டிருந்தது, முத்துக்கனி பேசிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பல் முளைத்தது, பள்ளிக்கூடத்தில் தகப்பனாரிடமே அடி வாங்கியது, முதன்முதலாகத் தேரியில் வழி தவறி ஒரு ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தது. தெரிந்த கதைகள்தான். பொன்னுலிங்கம் கயிற்றைப் பிடித்தபடி, அவள் விட்ட இடங்களை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முத்துக்கனியின் தம்பி சிதம்பரபாண்டி வேனோடு வந்தான். அக்கா நனைந்த சேலையோடு குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கெளம்பலையா?"

"கெளம்பணும். இந்தா, இதை ஒரு கை பிடி."

அவன் பிடித்தான். ஒரு குடம் என்று தொடங்கியவன் பதினைந்து குடம் சுமந்தான். மத்தியானம் உறை, குறுமணல் படுகையில் போய் உட்கார்ந்தது. இதற்குக் கீழே போனால் உப்புத் தண்ணீர் என்று சொல்லி சொர்ணக்கிளி நிறுத்திக்கொண்டாள். அடியில் கூழாங்கல்லும் உடைந்த செங்கல்லும் பரப்பினாள். சாப்பிட்டுவிட்டுச் சிதம்பரபாண்டி வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வா" என்றாள் முத்துக்கனி. "தண்ணி தெளிஞ்சிருக்கும். நீ சொமந்த தண்ணியாச்சே, குடிச்சிட்டுப் போவலாம்."

போகலாம் என்று அவள் சொன்னது அவனையா, தன்னையும் சேர்த்தா என்று பொன்னுலிங்கத்துக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. பையிலிருந்து சேலை வெளியே வந்து கொடியில் கிடந்ததை மட்டும் பார்த்தார்.

வேன் போன பிறகு வெயில் தாழ்ந்தது. தேரி முழுக்க உள்ளே விளக்கு வைத்ததுபோல ஒளிர்ந்தது. அவர் உள்ளே போய், புரையிலிருந்து கொண்டுவந்த படத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினார். விரிசல் படத்துக்குக் கீழே தெரிந்தது. அதைப் பூச வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வெளியே சொர்ணக்கிளி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வாங்க என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அவரும் மறக்க என்ன வழி என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் கிணற்றுக்குள் பார்த்தார்கள். தண்ணீர் சிவப்பாகக் கலங்கி நின்றது. அதன் மேல் ஒரு பனையின் நிழல் ஆடியது.

"இவ்வளவு கலங்கலா இருக்கே" என்றார். "மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சா எறைச்சு வெளிய விட்டுட்டா என்ன?"

"தானாத் தெளியும்."

"அப்ப இந்தத் தண்ணியை எப்பத்தாம்மா எறைக்கலாம்?"

சொர்ணக்கிளி கயிற்றைத் தோளில் போட்டாள். இந்தத் தடவை அவரைத் தூக்கச் சொல்லவில்லை.

"தாகம் எடுக்கும்போது எறைச்சுக் குடிங்க, அண்ணாச்சி" என்றாள். "தீக்கணும்னு எறைக்காதீங்க."